ஜிபிஎஸ் ஆஸிலேட்டர் லாக் ஆகியும் நிலையாக நிற்கவில்லையா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

செயற்கைக்கோள் ரிசீவர் தரும் ஒரு வினாடித் துடிப்பைப் பார்த்து, 10 மெகாஹெர்ட்ஸ் ஓசிஎக்ஸ்ஓ ஒன்றை, அதாவது சிறு அடுப்புக்குள் ஒரே சூட்டில் வைத்த குவார்ட்ஸ் ஆஸிலேட்டரை, சதா திருத்திக்கொண்டே இருப்பதுதான் ஜிபிஎஸ் ஆஸிலேட்டரின் வேலை. இப்படி அளந்து திருத்தும் சுற்றுதான் லூப்; ஆஸிலேட்டர் அந்தத் துடிப்போடு ஒட்டிக்கொள்வதுதான் லாக். கோவை, ஈரோடு, கரூர் பக்கம் இதைக் கட்டுகிறவர்கள் பலதரப்பட்டவர்கள். கல்லூரி ஆய்வகத்தில் ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்கள், ஃப்ரீக்வென்சி கவுன்டரைச் சரிபார்க்க வேண்டியவர்கள், ஹாம் ரேடியோக்காரர்கள், காற்றாலைப் பக்கத்துத் துணைமின் நிலையங்களில் நேர முத்திரை வேலை பார்ப்பவர்கள். எல்லோரிடமும் கேட்கும் புகார் ஏறத்தாழ ஒன்றுதான்: "லாக் ஆகுதுங்க, ஆனா நிக்க மாட்டேங்குது." உடனே கை கெய்ன் எண்களுக்கு, அதாவது எவ்வளவு பிழைக்கு எவ்வளவு திருத்தம் என்று சொல்லும் எண்களுக்குப் போகிறது. அங்கேதான் தயவுசெய்து நிறுத்தச் சொல்கிறேன்.

பாடப்புத்தகத்தில் இருக்கும் பிஐ கன்ட்ரோல் கணக்கு நேர்கோட்டுக் கணக்கு: இப்போதைய பிழைக்கு ஒரு பங்கு (ப்ரொபோர்ஷனல்), இதுவரை குவிந்த பிழைக்கு ஒரு பங்கு (இன்டக்ரல்; குவிப்பது இன்டக்ரேட்டர்). நம் மேசையில் இருக்கும் கருவி அப்படி இல்லை. நிரலின் எண்ணை டியூனிங் வோல்ட்டேஜாக மாற்றும் டிஏசிக்கு இரண்டு பக்கமும் முட்டுச்சுவர் உண்டு, அது படிப்படியாகத்தான் நகரும், ஃபேஸை, அதாவது ரிசீவர் துடிப்புக்கும் ஆஸிலேட்டருக்கும் உள்ள நேர வித்தியாசத்தை, அளக்கும் ஃபேஸ் டிடெக்டர் ஒரு எல்லை தாண்டினால் மடங்கும், ரிசீவர் துடிப்பு ரம்பப்பல் போல நடுங்கும், மென்பொருள் ஒரு நிலையில் இருந்து இன்னொன்றுக்குத் தாவும். நிலையாக நிற்காத லூப்களில் பெரும்பாலானவை இந்த வளைவுகளில்தான் கெடுகின்றன. அவற்றைக் கெய்ன் மாற்றிச் சரிசெய்ய முடியாது. எந்த இடத்தில் வளைகிறதோ அந்த இடத்துக்கென்று ஒரு கட்டுப்பாடு எழுதித்தான் ஆகவேண்டும்.

கணக்குக்கு ஒரு மாதிரி அமைப்பை வைத்துக்கொள்வோம். 0 முதல் 5 வோல்ட் வரை டியூன் ஆகும் ஓசிஎக்ஸ்ஓ, மொத்த வீச்சு 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு). 16 பிட் டிஏசி. ஒரு படி 76 மைக்ரோவோல்ட், அதாவது சுமார் 1.5 × 10⁻¹¹ அதிர்வெண் மாற்றம். நேரக்கணக்கில் சொன்னால், டிஏசியை ஒரு படி நகர்த்தினால் ஃபேஸ் வினாடிக்கு 0.015 நானோ வினாடி வேகத்தில் நகரும். உங்கள் எண்கள் வேறாக இருக்கும். கீழே வரும் கணக்கை உங்கள் எண்ணை வைத்து ஒருமுறை போட்டுவிடுங்கள்.

முதலில் பதிவு

வினாடிக்கு ஒரு வரி: ஃபேஸ் பிழை, டிஏசி எண், ஓசிஎக்ஸ்ஓ பக்கத்து வெப்பநிலை, செயற்கைக்கோள் எண்ணிக்கை, லூப் எந்த நிலையில் இருக்கிறது என்பது. குறைந்தது மூன்று நாள் ஓடட்டும். அப்புறம் ஃபேஸையும் டிஏசியையும் ஒரே நேர அச்சில் மேலும் கீழுமாக வரையுங்கள். பாதிப் பிழை இந்தப் படத்திலேயே தெரிந்துவிடும்.

படிக்கும் விதம் இதுதான். ஃபேஸ் ஒரே வினாடியில் 50 நானோ வினாடி தாவுகிறது, டிஏசி அதற்கு முன் அசையவே இல்லை என்றால், குற்றவாளி ஓசிஎக்ஸ்ஓ இல்லை. ஒரு வினாடியில் 50 நானோ வினாடி என்றால் அதிர்வெண் 5 × 10⁻⁸ மாறியிருக்க வேண்டும். அடுப்புக்குள் இருக்கும் நல்ல குவார்ட்ஸ் அப்படிக் குதிக்காது. ரிசீவரையோ டிடெக்டரையோ பாருங்கள். ஃபேஸ் மெல்ல வளைகிறது, டிஏசி பின்னாலேயே போய் இழுத்துப் பிடிக்கிறது என்றால் ஆஸிலேட்டர், அதன் வெப்பம், அதன் மின்சாரம். டிஏசி முதலில் அசைந்து ஃபேஸ் அதன்பின் கெட்டால், லூப்பே பிழை செய்கிறது.

அறிகுறி: டிஏசி 0 அல்லது 65535-இல் போய் ஒட்டிக்கொள்கிறது

லூப்பைத் திறந்துவிடுங்கள், அதாவது தானாகத் திருத்துவதை நிறுத்துங்கள். டிஏசியை நடுவில் வைத்து ஃபேஸ் எந்த வேகத்தில் நகர்கிறது என்று 100 வினாடி பாருங்கள். 1000 படி கூட்டுங்கள். வேகம் வினாடிக்கு 15 நானோ வினாடி அளவுக்கு மாற வேண்டும். எதிர்த்திசையில் மாறினால் குறி தலைகீழ். நிரலில் ஒரு மைனஸ் போதும். மாறவே இல்லை என்றால் கம்பி. மாறுகிறது ஆனால் நடுவில் வைத்தும் பெரிய வேகத்தில் ஓடுகிறது என்றால், ஓசிஎக்ஸ்ஓ வயதாகி வீச்சுக்கு வெளியே போயிருக்கிறது. பழைய டெலிகாம் கருவியில் இருந்து கழற்றிய சல்லிசு ஓசிஎக்ஸ்ஓக்களில் இதை எதிர்பார்த்தே வாங்க வேண்டும். சிலவற்றில் மேலே ஒரு திருகு இருக்கும்; அதில் நடுவுக்குக் கொண்டுவரலாம்.

இந்தச் சோதனையைக் கால், அரை, முக்கால் என மூன்று இடங்களில் செய்தால் இன்னொன்றும் கிடைக்கும். வோல்ட்டேஜுக்கு ஏற்ப அதிர்வெண்ணை நகர்த்த உள்ளே இருக்கும் வேரக்டர் டையோடு நேர்கோட்டில் போகாது. ஒரு முனையில் ஒரு வோல்ட்டுக்குக் கிடைக்கும் மாற்றம் மறுமுனையில் கிடைப்பதைவிடக் கணிசமாக வேறுபடலாம். நடுவில் அழகாக நிற்கும் லூப், ஓரத்தில் ஊசலாடுவதற்கு இதுதான் காரணம். மூன்று சரிவுகளையும் ஒரு சிறிய அட்டவணையாக எழுதி, கெய்னை அந்தந்த இடத்துச் சரிவால் வகுத்துவிடுங்கள். லூப் எங்கே நின்றாலும் ஒரே குணத்தோடு இருக்கும்.

சுவரில் ஒட்டவில்லை, வாரக்கணக்கில் ஒரே பக்கம் மெல்ல ஏறுகிறது என்றால் அது வயது, பிழை இல்லை. நாளுக்கு 10⁻¹⁰ என்றால் ஆறேழு படி. பத்து மடங்கு அதிகமாக, நாளுக்கு 65 படி ஏறினால், நடுவில் இருந்து 500 நாளில் சுவர் வந்துவிடும். நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

அறிகுறி: போட்டதும் லாக் ஆகிறது, பெரிதாகத் தாண்டி, மணிக்கணக்கில் ஆடி அடங்குகிறது

அடுப்பு சூடாகும் நிமிடங்களில் அதிர்வெண் எங்கோ இருக்கும். அந்த நேரத்தில் இன்டக்ரேட்டரை ஓடவிட்டால், டிஏசி சுவரில் முட்டிய பிறகும் அது உள்ளுக்குள் குவித்துக்கொண்டே போகும். சூடு ஏறி அதிர்வெண் சரியான பிறகு, குவிந்ததைக் கரைக்க அத்தனை நேரம் எதிர்ப்பிழை தேவை. அந்தத் தாண்டல் இதுதான்.

இரண்டு வேலை. டிஏசி சுவரில் இருக்கும்போது, பிழை இன்னும் சுவர்ப்பக்கமே தள்ளினால் இன்டக்ரேட்டரை நிறுத்துங்கள். சுவரில் இருந்து விலக்கும் பிழை என்றால் மட்டும் ஓடட்டும். அடுத்து, தொடக்கத்தில் ஃபேஸைப் பிடிக்கவே முயலாதீர்கள். அடுப்பு மின்னோட்டம் இறங்கி நிலைத்த பிறகு, 100 வினாடிக்கு ஃபேஸ் சரிவை அளந்து, அதை 0.015-ஆல் வகுத்து டிஏசியை ஒரே அடியாக நகர்த்துங்கள். இரண்டு மூன்று சுற்றில் அதிர்வெண் கைக்குள் வந்துவிடும். அப்புறம் 10 மெகாஹெர்ட்ஸை வினாடித் துடிப்பாக வகுக்கும் டிவைடரை ரிசீவர் துடிப்பில் ரீசெட் செய்து ஃபேஸைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, அதன்பிறகு பிஐ லூப்பை மூடுங்கள்.

அறிகுறி: லாக் நிற்கிறது, ஆனால் ஃபேஸ் முடிவே இல்லாமல் மெல்ல ஊசலாடுகிறது, அல்லது சில நானோ வினாடி தள்ளியே நின்றுவிடுகிறது

கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய இடம் இது. இங்கேதான் அதிகம் பேர் கெய்னைத் திருகித் திருகி நாட்களை இழக்கிறார்கள்.

நேர மாறிலி (லூப் எவ்வளவு மெதுவாகத் திருத்துகிறது என்பது) 500 வினாடி, தணிப்பு (ஆட்டம் எவ்வளவு அடங்குகிறது என்பது) 1 என்று வைத்தால், நம் மாதிரி அமைப்பில் ப்ரொபோர்ஷனல் கெய்ன் ஒரு நானோ வினாடிக்கு 0.27 படி. இன்டக்ரல் கெய்ன் ஒரு நானோ வினாடிக்கு, ஒவ்வொரு வினாடிக்கும் 0.000267 படி. இரண்டாவது எண்ணைப் பாருங்கள். 20 நானோ வினாடி பிழை இருந்தால்கூட ஒரு வினாடியில் சேர வேண்டியது 0.0053 படிதான். இன்டக்ரேட்டரை முழு எண்ணில் எழுதியிருந்தால் அது ஒவ்வொரு முறையும் பூஜ்யமாக வெட்டப்படும். பிழை இருக்கிறது, இன்டக்ரேட்டர் அசையவே இல்லை.

"நான் ஃப்ளோட் (பின்னம் தாங்கும் எண் வகை) போட்டிருக்கிறேன்" என்பவர்களுக்கு இன்னும் நுணுக்கமான பொறி ஒன்று உண்டு. 32 பிட் ஃப்ளோட்டில் 32768-க்கும் 65536-க்கும் இடையே இருக்கும் எண்களுக்கு அடுத்தடுத்த இடைவெளி 0.0039. அதில் பாதிக்கும் குறைவான எதைக் கூட்டினாலும் விழுங்கப்படும். 0.00195-ஐ 0.000267-ஆல் வகுத்தால் 7.3. அதாவது, டிஏசி நடுக்கோட்டுக்கு மேலே நிற்கும்போது 7 நானோ வினாடிக்கும் குறைவான எந்தப் பிழையும் இன்டக்ரேட்டர் கண்ணுக்குப் படாது. டிஏசி 32768-க்குக் கீழே இருந்தால் இடைவெளி பாதியாகிவிடும். அதனால் ஒரே நிரல் ஒரு ஓசிஎக்ஸ்ஓவில் நன்றாகவும் இன்னொன்றில் மோசமாகவும் நடந்துகொள்ளும். அர்டுயினோ யூனோ போன்ற ஏவிஆர் போர்டுகளில் டபுள் என்று எழுதினாலும் கிடைப்பது அதே 32 பிட்தான். தீர்வு எளிது: இன்டக்ரேட்டரை 64 பிட் முழு எண்ணில், ஒரு படியைப் பத்து லட்சமாகவோ அதற்கும் மேலாகவோ பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது டிஏசியின் படி. தேவையான வோல்ட்டேஜ் இரண்டு படிகளுக்கு நடுவில் இருந்தால், லூப் ஒரு படியில் நின்று ஃபேஸ் ஒரு பக்கம் ஒழுகுவதைப் பார்க்கும். அப்புறம் அடுத்த படிக்குத் தாவி மறுபக்கம் ஒழுகவிடும். ப்ளே விழுந்த ஸ்டியரிங்கோடு டிராக்டர் ஓட்டுவது போலத்தான்: எவ்வளவு கவனமாகப் பிடித்தாலும் வண்டி வரப்புக்கு வரப்பு அலையும். நடுப்படியில் மாட்டிய ஒழுகல் வினாடிக்கு 0.0075 நானோ வினாடி. 1000 வினாடியில் 7.5 நானோ வினாடி. படத்தில் டிஏசி இரண்டே எண்களுக்கு இடையில் சதுர அலையாகவும், ஃபேஸ் முக்கோண அலையாகவும் தெரிந்தால் வேறு சந்தேகம் வேண்டாம். கெய்னைக் குறைத்தால் அலை நீளும், போகாது.

பதினாறு பிட்டுக்குப் பதில் இருபது பிட் டிஏசி வாங்கலாம். அதற்கு முன் செலவில்லாத வழி: கணக்கில் வரும் பின்னத்தை எறியாமல் அடுத்த முறைக்கு எடுத்துச் செல்லுங்கள். 40000.3 வேண்டும் என்றால் பத்தில் மூன்று முறை 40001, ஏழு முறை 40000 போகும். டிஏசியை வினாடிக்கு நூறு முறை எழுதி, பின்னால் ஒரு நல்ல ஆர்சி ஃபில்டர் வைத்தால் ஓசிஎக்ஸ்ஓவுக்குப் போவது சராசரி மட்டுமே. ரிசீவர் துடிப்பின் நடுக்கமே சில கருவிகளில் இந்த வேலையைத் தற்செயலாகச் செய்துவிடும். அதனால்தான் பழைய ரிசீவரில் நன்றாக இருந்த லூப், சுத்தமான ரிசீவர் மாட்டியதும் ஊசலாட ஆரம்பிக்கிறது.

அறிகுறி: ஃபேஸ் சரியாக 100 நானோ வினாடி தாவுகிறது

எண்ணைப் பார்த்தாலே தெரிகிறது: 10 மெகாஹெர்ட்ஸின் ஒரு சுற்று. டிடெக்டர் மடங்குகிறது, அல்லது முழுச் சுற்றுகளை எண்ணும் கவுன்டரும், அதற்குள் நுணுக்கமாக அளக்கும் பகுதியும் எல்லையில் ஒத்துப்போகவில்லை. துடிப்பு கிளாக் விளிம்பின்மேலேயே விழும்போது கவுன்டர் ஒன்று கூடவோ குறையவோ எண்ணிவிடும். முந்தைய அளவுக்கும் இப்போதைய அளவுக்கும் வித்தியாசம் 50 நானோ வினாடியைத் தாண்டினால் 100-ஐக் கூட்டி அல்லது கழித்துப் பாருங்கள். எது முந்தையதற்குப் பக்கத்தில் வருகிறதோ அதை எடுங்கள். லூப் நிற்க வேண்டிய புள்ளியை எல்லையில் வைக்காமல் வீச்சின் நடுவில், 50 நானோ வினாடியில் வைப்பது இன்னும் நல்லது.

அறிகுறி: ஃபேஸ் படம் முழுக்கப் புல் முளைத்த மாதிரி, நடுநடுவே சில நிமிடம் ஒரே பக்கம் தட்டையாக

ரிசீவர் தன் சொந்தக் கிளாக்கின் விளிம்பில்தான் துடிப்பை வெளியிட முடியும். 48 மெகாஹெர்ட்ஸ் கிளாக் என்றால் விளிம்புகளுக்கு இடையே 20.8 நானோ வினாடி. எனவே துடிப்பு ±10.4 நானோ வினாடி ரம்பப்பல்லாக ஆடும். ஆடுவது பிரச்சினை இல்லை, சராசரியில் போய்விடும். அந்தக் கிளாக்கின் அதிர்வெண் முழு எண் ஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்போது ரம்பம் மெதுவாகி, பிழை நிமிடக்கணக்கில் ஒரே பக்கம் தொங்கும். அது சராசரியில் போகாது. லூப் அதை உண்மை என்று நம்பிப் பின்தொடரும்.

யூ-பிளாக்ஸின் நேர வகை ரிசீவர்கள் இந்தப் பிழையைப் பைக்கோ வினாடியில் செய்தியாகவே அனுப்புகின்றன. கவனிக்க வேண்டியது: அந்தச் செய்தி அடுத்து வரப்போகும் துடிப்புக்கு உரியது, வந்துபோன துடிப்புக்கு அல்ல. ஒரு வினாடி மாற்றிச் சேர்த்தாலோ, குறியை மாற்றிப் போட்டாலோ, திருத்தத்துக்குப் பின் நடுக்கம் முன்பைவிடக் கூடும். அதுவே நல்ல சோதனை. நான்கு சேர்க்கைகளையும் பதிவு செய்த தரவில் போட்டுப் பாருங்கள், ஒன்றில் மட்டும் புல் சட்டென்று அடங்கும்.

அறிகுறி: தினமும் ஒரு மேடு

மூன்று பேர்மேல் சந்தேகம் வரும்: வெப்பம், ஆன்டெனாவைச் சுற்றியுள்ள எதிரொலிப்பு, அயனமண்டலம். பத்து நாள் படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக, கடிகார நேரப்படி அடுக்குங்கள்.

மேடு நாளுக்குச் சுமார் 4 நிமிடம் முன்னதாக நகர்ந்தால் எதிரொலிப்பு. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வானத்தில் அதே இடத்துக்கு வருகின்றன. பதினைந்து நாளில் ஒரு மணி நேரம் நகர்ந்துவிடும். தகரக்கூரை, தண்ணீர்த் தொட்டி, பொள்ளாச்சிப் பக்கம் என்றால் ஆன்டெனாவுக்கு மேலே எட்டிப் பார்க்கும் தென்னை மட்டை இவையெல்லாம் இதில் சேரும். லூப்பில் செய்ய ஒன்றும் இல்லை. ஆன்டெனாவை உயர்த்துங்கள், 15 டிகிரிக்குக் கீழே உள்ள செயற்கைக்கோள்களை விலக்குங்கள், இடத்தை ஒரு நாள் முழுக்கச் சராசரி எடுத்து நிலையாகப் பதியுங்கள். உயரத்தில் 3 மீட்டர் பிழை என்றால் நேரத்தில் 10 நானோ வினாடி வரை போகும்.

மேடு அதே மணிக்கே வந்தால் வெப்பம் அல்லது அயனமண்டலம். இரண்டுக்கும் உச்சம் மத்தியானத்துக்குப் பிறகு என்பதால் குழப்பும். புவிகாந்த நடுக்கோடு திருநெல்வேலிப் பக்கமாகப் போகிறது. நாம் அதற்கு வெகு தூரத்தில் இல்லை. அதனால் ஒற்றை அலைவரிசை ரிசீவரில் அயனமண்டலப் பிழை இங்கே வடநாடுகளைவிடப் பெரிது. மார்ச், செப்டம்பரை ஒட்டிய மாதங்களில் பொழுது சாய்ந்த பின் சிக்னல் மினுக்குவதும் உண்டு. பகல் நேரத்தில் ஒரு பெட்டி வைத்து மின்விசிறியை அடித்து ஓசிஎக்ஸ்ஓ பக்கத்து வெப்பத்தை மாற்றிப் பாருங்கள். மேடும் சேர்ந்து மாறினால் வெப்பம். மாறாவிட்டால் இரு அலைவரிசை ரிசீவர்தான் வழி; நேர மாறிலியை நீட்டி அரை நாள் அளவு அலையை வடிகட்டும் அளவுக்கு எந்தக் குவார்ட்ஸும் நல்லதில்லை.

வெப்பம் என்று தெரிந்தால் நம் ஊருக்கு இரண்டு காரியம். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கோவை, உடுமலை, பொள்ளாச்சி முழுக்க வீசும். காற்றோட்டத் துளை உள்ள பெட்டியில் ஓசிஎக்ஸ்ஓ மேல் அது விட்டுவிட்டு அடித்தால், ஃபேஸ் சில நிமிட அலைகளாக அலையும். மூடி போடுங்கள். ஆனால் தெர்மோகோலால் முழுக்கப் பொதிந்துவிடாதீர்கள். அடுப்பால் சூடாக்க மட்டுமே முடியும், குளிர்விக்க முடியாது. சித்திரை வெயிலில் ஈரோட்டிலோ கரூரிலோ தகரக்கூரைக்குக் கீழே, மூடிய பெட்டிக்குள் வெப்பம் ஓசிஎக்ஸ்ஓவின் வரம்பைத் தொடும்போது அடுப்பு மின்னோட்டம் இறங்கி இறங்கி அடித்தளத்துக்கு வரும். அதற்குமேல் அங்கே கட்டுப்பாடே இல்லை. அடுப்பு மின்னோட்டத்தையும் பதிவில் சேர்த்தால் இது தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது, கிரவுண்டு கம்பி. அடுப்பு மின்னோட்டம் 0.3 ஆம்பியர், அது திரும்பும் வழியில் 10 மில்லிஓம், டிஏசியின் கிரவுண்டும் அதே வழியில் என்றால் 3 மில்லிவோல்ட் டியூனிங்கில் ஏறி உட்காரும். இரவுக்கும் பகலுக்கும் அடுப்பு மின்னோட்டம் 0.1 ஆம்பியர் மாறினால் 1 மில்லிவோல்ட், அதாவது 2 × 10⁻¹⁰. நல்ல ஓசிஎக்ஸ்ஓவின் சொந்த வெப்பப் பிழையையே மிஞ்சும் அளவு. டிஏசியின் கிரவுண்டைத் தனிக் கம்பியாக ஓசிஎக்ஸ்ஓவின் காலிலேயே பற்றவையுங்கள். ஒரு கம்பியில் போய்விடும் மேடு இது. இதற்கு வெப்பத் திருத்த நிரல் எழுதி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

தோட்டத்துச் சாளையில் கருவி வைத்திருப்பவர்களுக்கு மட்டும்: மேடு மும்முனை கரண்ட் வரும் நேரத்தோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். சுற்றுவட்டாரத்து போர் மோட்டார்கள் எல்லாம் ஆட்டோ ஸ்டார்ட்டரில் ஒரே நேரத்தில் கிளம்பும்போது வோல்ட்டேஜ் தொங்கும். உங்கள் ரெகுலேட்டருக்குத் தலைக்கு மேல் இடம் போதவில்லை என்றால் அது நேராக டியூனிங்கில் தெரியும். சோமனூர், பல்லடம் பக்கம் தறி ஓடும் கட்டடம் என்றால் அதிர்வும் உண்டு: குவார்ட்ஸைத் தலைகீழாகத் திருப்பினாலே அதிர்வெண் 10⁻⁹ அளவில் மாறக்கூடும். கருவியைத் தறி நிற்கும் தரையில் வைக்காதீர்கள்.

அறிகுறி: நிலை மாறும்போதெல்லாம் ஒரு வெட்டு

வேகமான லூப்பில் பிடித்து, மெதுவான லூப்புக்கு மாறுவது நல்ல உத்தி. மாறும் கணத்தில் ப்ரொபோர்ஷனல் கெய்ன் சட்டென்று குறைவதால் டிஏசி தாவும். மாற்றும்போது, பழைய டிஏசி எண்ணில் இருந்து புதிய ப்ரொபோர்ஷனல் பங்கைக் கழித்து, மீதியை இன்டக்ரேட்டரில் எழுதுங்கள். வெட்டு மறையும். நிலை முன்னும் பின்னும் தாவிக்கொண்டே இருந்தால் இரு வாசல்களையும் விலக்கி வையுங்கள்: சராசரிப் பிழை 20 நானோ வினாடிக்குள் பத்து நிமிடம் நின்றால் மெதுவானதற்குப் போ, 100-ஐத் தாண்டி ஒரு நிமிடம் இருந்தால் மட்டும் திரும்பு.

அறிகுறி: எல்லாம் நன்றாக இருக்கும்போது திடீரென்று ஒரு பெரிய தாவல்

ஒற்றை வினாடித் தாவல் என்றால், லூப்புக்குள் போகும் பிழையை ±50 நானோ வினாடியில் வெட்டிவிடுங்கள். வரம்பு மீறியதை முற்றாக எறிவதைவிட வெட்டுவதே என் தேர்வு. எறியும் லூப், உண்மையிலேயே ஃபேஸ் நகர்ந்துவிட்டால் எல்லா அளவையும் எறிந்துகொண்டு கண்மூடி உட்கார்ந்திருக்கும். வெட்டும் லூப் மெதுவாகவாவது வந்து சேரும்.

தாவல் நீடித்தால் நிதானம் வேண்டும். 2016 ஜனவரி 26 அன்று ஒரு பழைய ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சேவையில் இருந்து விலக்கப்பட்டபோது, தரைக்கட்டுப்பாட்டு மென்பொருளின் பிழையால் சில செயற்கைக்கோள்கள் யூடிசி (உலகப் பொது நேரம்) திருத்தத்தைச் சுமார் 13 மைக்ரோ வினாடி தவறாக ஒலிபரப்பின. பல மணி நேரம் நீடித்தது. ஜிபிஎஸ் நேரம் சரியாகவே இருந்தது. யூடிசிக்கு மாற்றித் துடிப்பு தரும் ரிசீவர்கள்தான் தாவின. அதிர்வெண் மட்டும் வேண்டியவர்கள் ரிசீவரின் துடிப்பை யூடிசிக்கு அல்ல, ஜிபிஎஸ் நேரத்துக்கே ஒட்டி அமைத்துவிடுங்கள். மற்றவர்கள், பிழை ஒரு மைக்ரோ வினாடியைத் தாண்டி ஐந்து நிமிடம் நின்றால் டிஏசியை உறையவைத்து அலாரம் அடிக்கட்டும். பின்தொடர்வதா என்பதை மனிதர் முடிவு செய்யட்டும்.

துடிப்பு சரி, தேதி மட்டும் பத்தொன்பதரை ஆண்டு பின்னால் என்றால் அது 1024 வார மடிப்பு: ஜிபிஎஸ் வார எண் 1024-ஐ எட்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்புவது. பழைய ரிசீவர் மென்பொருள். லூப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, தேதியில் 1024 வாரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: ஆன்டெனா சிக்னல் போய்த் திரும்பும்போது கலவரம்

சிக்னல் இல்லாதபோது டிஏசியைக் கடைசி எண்ணில் நிறுத்தாதீர்கள். அதில் அந்த வினாடியின் நடுக்கமும் சேர்ந்திருக்கும். இன்டக்ரேட்டரின் கடைசி ஒரு மணி நேரச் சராசரியில் நிறுத்தி, வயதுச் சரிவையும் கூட்டிக்கொண்டே போங்கள். 10⁻¹¹ பிழை நின்றால் நாளுக்கு 0.86 மைக்ரோ வினாடி, 10⁻¹⁰ என்றால் 8.6. மின்தொகுப்பு அலையின் அளவையும் கோணத்தையும் பார்க்கும் ஃபேசர் அளவீட்டில் 50 ஹெர்ட்ஸில் ஒரு சதவீதப் பிழை என்பது கிட்டத்தட்ட 31.8 மைக்ரோ வினாடிக்குச் சமம். எத்தனை நாள் தாங்கும் என்று இதில் இருந்தே கணக்கிடலாம்.

திரும்பும்போது 10 மைக்ரோ வினாடி பிழை இருக்கிறது என்று வையுங்கள். 100 வினாடி லூப் அப்படியே பாய்ந்தால் வினாடிக்கு 200 நானோ வினாடி கேட்கும். ஓசிஎக்ஸ்ஓவை ஒரு பக்க வீச்சில் பாதிக்குப் பக்கத்தில் இழுத்துவிடும். இங்கே வர்க்கமூல விதி நன்றாக உதவுகிறது. பிழை 25 நானோ வினாடிக்குள் இருந்தால் வழக்கமான நேர்கோட்டு லூப். அதற்கு மேலே, கேட்கும் வேகம் பிழைக்கு நேர்விகிதத்தில் அல்ல, அதன் வர்க்கமூலத்தில் ஏறட்டும்: பிழையில் இருந்து 12.5-ஐக் கழித்து 0.02-ஆல் பெருக்கி வர்க்கமூலம். ஒரு மைக்ரோவில் வினாடிக்கு 4.4 நானோ வினாடி, ஐந்து மைக்ரோவில் 10. அதற்குமேல் 10-இலேயே வெட்டு. நேர்கோட்டுப் பகுதியோடு வளைவு சரியாகத் தொட்டுச் சேர்வதால் வந்து நிற்கும்போது தாண்டல் இருக்காது. இவ்வளவு நேரமும் இன்டக்ரேட்டர் உறைந்திருக்க வேண்டும்.

ஸ்லைடிங் மோட் என்ற கட்டுப்பாட்டு முறையைப் போட்டுப் பார்க்கலாமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். குறி மட்டும் பார்த்து முழு விசையில் அடிக்கும் வடிவத்தில் வேண்டாம். பத்து நானோ வினாடி நடுக்கமும் ஒரு வினாடித் தாமதமும் உள்ள இடத்தில் அது டிஏசியை ஓயாமல் உதறும். 10 மெகாஹெர்ட்ஸின் சுத்தம் போய்விடும். நடுக்கத்தைவிட அகலமான எல்லைப் பட்டை வைத்து எழுதினால், அந்தப் பட்டைக்குள் கிடைப்பது மேலே சொன்ன வெட்டுப்போட்ட நேர்கோட்டு லூப்பேதான்.

10 மெகாஹெர்ட்ஸில் வேறு கருவிகள் தொங்கிக்கொண்டிருந்தால் உச்ச வேகத்தை 10-க்குப் பதில் 1 என்று வையுங்கள். 10 மைக்ரோ வினாடி அடைய மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஆகும், ஆனால் அதிர்வெண் 10⁻⁹-க்குள் நிற்கும். வினாடித் துடிப்பு மட்டுமே தேவை என்றால் காத்திருக்க வேண்டியதில்லை. டிவைடரை ரீசெட் செய்து, அதே கணத்தில் ஃபேஸ் ஃபில்டரின் பழைய நினைவையும் பூஜ்யமாக்கிவிடுங்கள்.